ஹெலிகாப்டர் மில்

2023 செப்டம்பர் 4, திங்கள்

காலையில் தம்பி குணாளன் போன் செய்து அழுதான். வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று பதறிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால், அவன் இருந்த ரெஜிமென்ட்டைக் கலைத்துவிட்டார்களாம். எதிரி விமானத்தைச் சுடுகிற பீரங்கிப் படை அது. "பீரங்கி பழசாயிடுச்சாம்க்கா. இனிமே எல்லாம் ஏவுகணதானாம். இருந்த பசங்கள ஆளுக்கொரு எடத்துக்குப் பிரிச்சி அனுப்பிட்டாங்க. கொடிய எறக்கிட்டாங்க" என்றான். இருபத்தெட்டு வருஷம் அதில் இருந்து கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றவன். அழுகை வரத்தான் செய்யும்.

என் வீட்டுக்காரரும் அதே ரெஜிமென்ட்தான், பதின்மூன்று வருஷம். ஆனால் இவர் ஓய்வு பெற்று வரவில்லை, சட்டைக் கையில் இருந்த பட்டையைப் பிடுங்கிக்கொண்டு துரத்திவிட்டார்கள். இவருக்கு அழுகை வருமா சிரிப்பு வருமா என்று தெரியாமல் மில்லுக்குள் போய்க் காதருகே கத்தினேன். பீரங்கிச் சத்தம் வலது காதை எப்போதோ தின்றுவிட்டது. மிச்சக் காதை எங்கள் மாவு மில் தின்றுகொண்டிருக்கிறது.

"உங்க ரெஜிமென்ட்ட மூடிட்டாங்களாம்!"

"மில்லு கல்லு கொத்தறவன வரச்சொன்னியா?" என்று கேட்டார்.

காதில் விழவில்லை போல என்று வந்துவிட்டேன். அதன்பிறகு ராகி எல்லாம் தீர்ந்தும் மில் வெறுமனே ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே போய் சுவிட்சை நான்தான் அணைத்தேன். இவர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

செப்டம்பர் 6, புதன்

கல் கொத்துகிறவன் வரவில்லை. மிளகாய்த் தூள் நெடி, கண் எரிச்சல். எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

குணா வந்திருந்தான். அவன் வந்தால் தெருவே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளம். ஊர் முகப்பு வளைவில் பட்டாளத்துக்குப் போனவர்கள் பெயரைக் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தம்பி பெயர் மேலேயே இருக்கிறது. இவர் பெயரை வெட்டவில்லை. குணாவைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டதே இவர்தான், தன் ரெஜிமென்ட்டிலேயே. சேர்த்தவர் மாவு அரைக்கிறார், சேர்ந்தவன் சுதந்திர தினத்துக்குக் கொடி ஏற்றுகிறான்.

ரெஜிமென்ட் போய்விட்டதே என்று நம் பக்கத்து ஆட்கள் எல்லாம் ஒருநாள் கூடப்போகிறார்களாம். அக்டோபர் ஒன்றாம் தேதி, குடியாத்தத்தில் கல்யாண மண்டபம் பிடித்தாகிவிட்டது. அன்று ரெஜிமென்ட்டின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். எழுதுவது குணா. டைப் அடித்த தாள்களை விரித்து எனக்குப் படித்துக் காட்டினான்.

பஞ்சாபில் ஒரு பாலத்துக்குக் காவல் நின்றார்கள். அசாமில் ஒரு எண்ணெய்க் கிடங்குக்குக் காவல் நின்றார்கள். வெள்ளத்தில் ஜனங்களைப் படகில் ஏற்றினார்கள். மணல்காற்றில் சமையல் கூடாரம் பறந்துபோய் இரண்டு நாள் கடலையும் வெல்லமும் தின்றார்கள். வாலிபாலில் கோப்பை வாங்கினார்கள், அதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

"டேய், எதிரி விமானம் எத்தினி சுட்டீங்கடா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா வந்தான்? வந்தாதான சுடறது. நாங்க நிக்கறோம்னுதான் அவன் வரல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு தாளைப் புரட்டிக்கொண்டே முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "எண்பத்தேழும் வரும்க்கா. அப்ப எங்க ரெஜிமென்ட்டுக்குத் தலைவரா இருந்த கர்னல் சாரே சொல்லிட்டாரு. அத்த வுட்டுட்டு வரலாறு எழுதனா எல்லாரும் சிரிப்பாங்களாம்."

எண்பத்தேழு ஜனவரி. ராஜஸ்தான் எல்லையில் இரண்டு நாட்டுப் படைகளும் முறைத்துக்கொண்டு நின்ற சமயம். இவர் ஹவில்தார், ஒரு பீரங்கிக்குத் தலைவர். பீரங்கியின் 'நம்பர் ஒன்' என்பார்கள். தாழப் பறந்து வந்த ஒரு ஹெலிகாப்டரைச் சுடச்சொல்லிவிட்டார். அது நம்முடையது. புகையோடு மணலில் இறங்கியது. உள்ளே இருந்த மெக்கானிக்குக் கால் போயிற்று. சுடாதே என்ற உத்தரவு வந்தும் சுட்டார் என்று விசாரணையில் முடிவாகி, இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆக அந்த ரெஜிமென்ட் தன் ஆயுளில் பயிற்சித் திடலைத் தவிர வேறெங்கும் சுட்டது ஒரே ஒரு தரம். சுட்டது என் புருஷன். இதை விட்டுவிட்டு எப்படி எழுதுவான், பாவம்.

எங்கள் கடைக்கு நான் பெயர் வைத்தது மரகதம் மாவு மில். ஊரில் ஹெலிகாப்டர் மில் என்றால்தான் தெரியும். சின்னப் பிள்ளைகள் அப்படிப் பெயர் வைத்த கடை என்றே நினைக்கிறார்கள். மகள் அருள்செல்விக்கு முதலில் வந்த வரன், பையன் பட்டாளத்துக்காரன், இந்தக் கதையைக் கேட்டுத்தான் வேண்டாம் என்று போனான்.

"பாத்து எழுதுடா" என்றேன். "உன் மாமா பேரு அடிபடாம பாத்துக்கோ."

"நான் இருக்கறேன்ல" என்றான். போகும்போது மில் வாசலில் நின்று "மாமா, வரேன்" என்று கை காட்டினான். இவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் இத்தனை வருஷத்தில் அதற்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை. இவருக்கு அவன்மேல் பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

செப்டம்பர் 13, புதன்

குணாவின் மகன் வந்து அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். நானே கேட்டு வாங்கியது. இப்படி இருக்கிறது:

"கன் கமாண்டர் ஹவில்தார் ஏகாம்பரம், சுடக்கூடாது என்ற உத்தரவைக் கேட்ட பிறகும் அவசர புத்தியால் சுட்டுவிட்டார். அவருடைய தொலைபேசி ஆள் உத்தரவை உரக்கச் சொல்லித் தன் கடமையைச் சரியாகச் செய்தார் என்பதை விசாரணை உறுதி செய்தது. ஒருவருடைய தவறால் ரெஜிமென்ட்டின் பெயருக்கு ஏற்பட்ட களங்கத்தை மற்றவர்கள் உழைப்பால் துடைத்தார்கள்."

அவசர புத்தியா? இந்த ஆளுக்கா? ஒரு பனியனைக் கழற்றிப் போட அரைநாள் யோசிக்கிற மனுஷன்.

தொலைபேசி ஆளுக்கு எதற்கு ஒரு முழு வரி என்றும் புரியவில்லை. அவன் பெயரைக்கூடப் போடவில்லை. இவர் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

உடனே போன் செய்தேன். "பேரையாவது எடுத்துடுடா தம்பி, ஒரு ஹவில்தார்னு போடு" என்றேன்.

"பேரு இல்லாம எழுதனா அப்ப இருந்த எல்லா ஹவில்தார் மேலயும் சந்தேகம் வரும்க்கா. கர்னல் சார் ஒத்துக்க மாட்டாரு" என்றான். "நீ அப்ப எங்கடா இருந்த?" என்று கேட்டேன். "அங்கதான்க்கா. பக்கத்துல" என்றான். அப்போது அவன் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, பச்சைப் பிள்ளை. அவனைக் கேட்டு என்ன பயன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

இவரோடு சண்டை. சண்டை என்றால் நான் மட்டும் போட்டது. தாளை முன்னால் வைத்து, "குணாகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க. கர்னல்கிட்ட பேசச் சொல்லுங்க. நூறு பேருக்கு முன்னால இத்த படிக்கப்போறாங்க. நம்ம பேத்தி நாளைக்கி இத்த படிப்பா" என்றேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"எழுதட்டும்" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, கூடத்துச் சுவரைக் காட்டி, "அவன் போட்டோ பாருங்க, நெஞ்சு நெறைய மெடலு. உங்க போட்டோ எங்க கீது தெரியுமா, அரிசி டிரம்முக்கு அடியில" என்று கத்தினேன். இது நான் புதிதாகச் சொல்வதில்லை. இவரும் புதிதாகக் கேட்பதில்லை. சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், மில்லைத் திறக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 18, திங்கள்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை மேல்மாவு விண்டு விண்டு போயிற்று. எங்கள் மில்லில் அரைத்த மாவுதான், யாரைக் குறை சொல்ல?

செப்டம்பர் 24, ஞாயிறு

இன்று எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

பதினோரு மணிக்கு ஒருவர் மில்லைத் தேடிக்கொண்டு வந்தார். பலமநேர்க்காரர், பெயர் முனிரத்தினம். அறுபதைத் தாண்டியவர், தலைக்குச் சாயம் போட்டிருந்தார். "ஹவில்தார் ஏகாம்பரம் சாப் வீடு?" என்று கேட்டார். இந்த ஊரில் இவரை 'சாப்' போட்டு யாரும் கேட்டதில்லை, நான் வேறு யாரோ என்று பார்த்தேன். மாவு படிந்த தலையோடு இவர் வெளியே வந்ததும் அந்த மனுஷன் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு திருப்பி அடித்தார். அந்தக் கையை நான் அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

இவருடைய பீரங்கியில் குண்டு நிரப்புகிறவராக இருந்தாராம். புத்தகத்துக்குக் கொடுக்கப் பழைய போட்டோ கொண்டுவந்தவர், வழியில் இவரைப் பார்க்க இறங்கியிருக்கிறார். கொஞ்ச நேரம் பேசியதும் மிளகாய் மூட்டையோடு ஆள் வந்துவிட்டது, இவர் எழுந்து உள்ளே போனார். மில் ஓட ஆரம்பித்தது. நான் காபி கொடுத்துவிட்டு அந்தத் தாளையும் கொடுத்தேன். கூட இருந்தவர் ஆயிற்றே, இவருக்காகக் கர்னலிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்ற ஆசை.

படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"இத்த எழுதனது யாரு அண்ணி?"

"என் தம்பிதான். கேப்டன் குணாளன்."

தாளைக் கீழே வைத்துவிட்டார். "குணா உங்க தம்பியா? ஒரே ஊருன்னுதான் நெனச்சோம். கூடப் பொறந்த தம்பியா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்று எழுந்தவரை நான் விடவில்லை. வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டேன். மில் ஓடிக்கொண்டிருந்தது, இவர் காதில் எதுவும் விழாது. அவர் திரும்பி உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பீரங்கிக்குக் கண்ட்ரோலில் இருந்து போனில் மூன்று வார்த்தைகளில் ஒன்றுதான் வருமாம். 'ஃப்ரீ' என்றால் நம்முடையது என்று தெரியாத எதையும் சுடலாம். 'டைட்' என்றால் எதிரி என்று தெரிந்தால் மட்டும் சுடலாம். 'ஹோல்ட்' என்றால் சுடக்கூடாது. போனில் இருக்கிறவன் அந்த வார்த்தையைக் கேட்டதும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். நம்பர் ஒன் அதைத் திருப்பிக் கத்த வேண்டும். பீரங்கியில் உள்ள எல்லோரும் வானத்தைப் பார்க்கலாம், போன்காரன் மட்டும் பார்க்கவே கூடாது. அவன் குழியில் குனிந்து உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வானத்தைப் பார்த்தால் காது போய்விடும் என்று சொல்லிச் சொல்லி அடிப்பார்களாம்.

"அன்னிக்கி காலையில ஃப்ரீ வந்திச்சி அண்ணி. மாசக்கணக்கா ஒரு சத்தமும் இல்லாத மணலு. திடீர்னு என்ஜின் சத்தம். எல்லாரும் பாக்கறோம். போன்ல இருந்த பையன் புதுசு. அவனும் ரிசீவர கீழ போட்டுட்டு எழுந்து பாக்கறான். அந்த நேரத்துலதான் ஹோல்ட் வந்திருக்கு. மண்ணுல கெடந்த ரிசீவரு கத்திச்சி, யாருக்குக் கேக்கும்?"

"அந்தப் பையன்..."

"நான் பேரு சொல்லல அண்ணி. விசாரணையில அவன் சொன்னான், நான் கத்துனேன், நம்பர் ஒன் உஸ்தாத்துதான் கேக்காம சுட்டாருன்னு. கர்னல் உஸ்தாத்தப் பாத்து, அவன் சொன்னானான்னு கேட்டாரு. உஸ்தாத் அவனத் திரும்பிப் பாத்தாரு. 'சொன்னான் சார்' அப்படின்னாரு. நாங்க குண்டுக்காரங்க, எங்கள யாரு கேட்டா? நாங்களும் வாயத் தொறக்கல."

போட்டோவைக் கொடுக்காமலே போய்விட்டார். விழாவுக்கு வரமாட்டேன் என்றார்.

மதியம் இவருக்குச் சோறு போட்டேன். ரசத்தில் உப்பு இல்லை என்றார்.

செப்டம்பர் 25, திங்கள்

ஒட்டடை அடித்தேன். தம்பி போட்டோவைக் கழற்றினேன். ஆணி ஆடுகிறது, அதனால் திரும்ப மாட்டவில்லை.

செப்டம்பர் 27, புதன்

குணா வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள், நல்லதாயிற்று. நடுக்கூடத்தில் புத்தக அட்டை மாதிரி நாலைந்து பரப்பி வைத்து எந்த நிறம் எடுப்பாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன் யார் கையில இருந்திச்சி?" என்று கேட்டேன்.

எந்தப் போன் என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதுவரைக்கும் முனிரத்தினம் வேறு யாரையோ சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டுதான் இருந்தது.

"ஒரு நிமிசம்க்கா" என்றான். "ஒரே நிமிசம் மேல பாத்தேன். இருபத்திரண்டு வயசு. யாரா இருந்தாலும் பாத்திருப்பான்."

"பாத்தத நான் கேக்கல. கத்துனேன்னு சொன்னியே, அத்தக் கேக்கறேன்."

"பயந்துட்டேன்க்கா. மாமா மறுப்பாருன்னு நெனச்சேன். அவுரு ஒத்துக்கினாரு. நான் கேக்கலியே, தானா ஒத்துக்கினாரு!" கண்ணில் தண்ணீர் விட்டான். இந்த மாதம் முழுக்க இவனுக்கு அழுகை சுலபமாக வருகிறது. "அன்னிக்கி நான் திரும்பி வந்திருந்தா அப்பா உசிர வுட்டிருப்பாரு. உனக்கும் சேத்துதான்க்கா. ஊர்ல நம்ம குடும்பத்துக்கு ஒருத்தனாவது தல நிமிந்து நடக்க வேணாமா?"

"அப்ப எந்தலைய யாருடா குனிய வெச்சது?"

பரப்பியிருந்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். சரி, நடந்தது நடந்தது, அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடு, உன்மேல் பழி போட வேண்டாம், இவர்மேலும் போடாதே என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன், அவனிடம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரிண்ட்டுக்குப் போயிடுச்சிக்கா" என்றான். பிறகு, "ஞாயித்துக்கெழம குத்துவெளக்கு ஏத்த உன் பேரத்தான் போட்டிருக்கேன். கேப்டனோட சகோதரின்னு" என்றான்.

திரும்பி வரும்போது அந்த வளைவுக்கடியில்தான் வர வேண்டியிருந்தது. வேறு வழி இல்லை ஊருக்குள்.

செப்டம்பர் 30, சனி

இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று இவருக்குத் தெரியுமா என்றும் தெரியவில்லை. சாயங்காலம் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தானே நீலம் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தார். "எங்க கெளம்பறீங்க?" என்றேன். "நாளைக்கிக் குடியாத்தம் போகணுமே" என்றார். அழைப்பே வராத இடத்துக்கு.

அக்டோபர் 1, ஞாயிறு

மண்டபத்து மேடையில் தெர்மாகோலில் பீரங்கி செய்து, பச்சை பூசி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். மற்ற படைகளுக்குக் கொடி எப்படியோ பீரங்கிப் படைக்குப் பீரங்கி அப்படியாம். நிஜப் பீரங்கியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அதனால் தெர்மாகோல். வருகிறவர்கள் எல்லாம் அதற்குச் சல்யூட் அடித்துவிட்டு நாற்காலி தேடினார்கள். தொந்தியும் பேரப்பிள்ளையுமாக இருந்தவர்கள்கூட அந்த ஒரு நொடி விறைத்து நின்றார்கள். இவரும் அடித்தார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இரண்டு நாற்காலி காலியாகவே இருந்தது.

கர்னல் பெங்களூரிலிருந்து வந்திருந்தார், எண்பது வயசு இருக்கும். நம் பக்கத்துக்காரர்தான், நன்றாகத் தமிழ் பேசினார். குத்துவிளக்கு ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். ஏற்றினேன். குணா புத்தகத்தை உயர்த்திப் பிடித்துப் போட்டோவுக்கு நின்றான். மைக் என் பக்கத்தில் இருந்தது. அதுவரை நான் எதுவும் திட்டம் போடவில்லை, சத்தியமாக. இவருக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த அந்த நாற்காலிகளைப் பார்த்ததும் கை தானாக மைக்குக்குப் போயிற்று.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஹவில்தார் ஏகாம்பரத்தோட சம்சாரம்" என்றேன். "இந்தப் புக்குல ஒரு பக்கம் பொய்யி. அன்னிக்கி ஹோல்டுன்னு யாரும் கத்தல. போன்ல இருந்தது எந்தம்பி குணாளன். அவன் போன கீழ போட்டுட்டு வானத்த வேடிக்க பாத்தான். பழிய எம்புருஷன் ஏத்துக்கினு வந்துட்டாரு."

குணா புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். எனக்கு உடம்பெல்லாம் இலேசாக இருந்தது. கர்னல் கையை நெற்றிக்கு வைத்துக் கடைசி வரிசையைப் பார்த்து, "ஏகாம்பரம், இருக்கியா?" என்றார்.

இவர் எழுந்தார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் மைக் இல்லாமலே கேட்டது.

"இருக்கறேன் சார். எஞ்சம்சாரத்துக்கு விஷயம் தெரியாது சார். அவளுக்கு யாரோ தப்பா சொல்லிட்டாங்க. ஹோல்ட் வந்திச்சி. பையன் கத்துனான். எங்காதுல வுழுந்திச்சி. சுடச் சொன்னது நானு. புக்குல இருக்கறது செரி."

கர்னல் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு ஒருவர், பிறகு எல்லோரும். இத்தனை வருஷம் கழித்தும் தன் தவறைத் தானே ஒப்புக்கொள்கிறான் பாருங்கள், இவன்தான் சிப்பாய் என்றார் கர்னல். குணா மேடையிலிருந்து ஓடிப்போய் இவரைக் கட்டிக்கொண்டான். அவனுக்குப் போட்டிருந்த சால்வையை இவருக்குப் போட்டான். யாரோ என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்கள், பைத்தியத்தின் கையிலிருந்து கத்தியை வாங்குவது போல.

பேருந்தில் இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். சால்வையை மடித்து மடியில் வைத்திருந்தார். நான் முன்னால் பெண்கள் சீட்டுக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 2, திங்கள்

காந்தி ஜெயந்தி. மில் லீவு. ஆனாலும் நாலு பேர் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். மில்லைப் பார்க்க வரவில்லை, என்னைப் பார்க்க வந்தார்கள். எதிர்வீட்டு வள்ளியம்மா வாய்விட்டே கேட்டாள்: "கூடப் பொறந்தவன் கேப்டன் ஆயிட்டான்னு உனக்கு இன்னாத்துக்கு மரகதம் இவ்ளோ பொறாம?" இவரைப் பற்றி மட்டும் நல்லபடியாகச் சொன்னாள். உத்தமராம். ஊரில் இவருக்கு இப்போது மரியாதை வந்துவிட்டது. அருள்செல்வி போன் செய்து, "ஏம்மா அப்பாவ இப்டி அசிங்கப்படுத்தன?" என்றாள்.

அக்டோபர் 4, புதன்

பேச்சு இல்லை. ராகி, கோதுமை, மிளகாய்.

அக்டோபர் 6, வெள்ளி

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஒருவழியாகக் கல் கொத்துகிறவன் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனான். இவர் கல்லுக்குள் இருந்த தூளைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். மில் நின்றால்தான் இந்த வீட்டில் பேச முடியும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"அவன் கத்துனானா?"

துடைப்பத்தைக் கீழே வைத்தார். "முனிரத்தினம் வந்தப்பவே நெனச்சேன்" என்றார். "இல்ல. கத்தல."

"அப்ப ஏன் என்ன நூறு பேர் முன்னால பொய்க்காரி ஆக்குனீங்க? எந்தம்பின்னுதான? சொல்லுங்க. எந்தம்பிய காப்பாத்தத்தான இத்தினி வருஷமா வாயத் தொறக்காம கீறீங்க? நான் பேசுன பேச்செல்லாம் கேட்டுக்கினு?"

இல்லை என்று சொல்வதற்கு வாயெடுத்து, பிறகு ஆமாம் என்பது போலவும் தலையை ஆட்டி, கடைசியில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல அதான். அவன நான்தான கூட்டிக்கினு போனேன். அன்னிக்கி அவன் மூஞ்சியப் பாத்ததும் உன் மூஞ்சி மாரியே இருந்திச்சி. சொல்ட்டேன்." கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார். "ஆனா ஒண்ணு கீது மரகதம். அவன் கத்தியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனா?"

எனக்குப் புரியவில்லை.

"பதிமூணு வருஷம். தெனம் விடிகாலையில எழுந்து பீரங்கியத் தொடச்சி, எண்ண போட்டு, வானத்தப் பாத்துக்கினு குந்தினு இருந்தேன். ஒரு காக்காகூட எதிரிக் காக்காவா வரல. அன்னிக்கித்தான் ஒண்ணு வந்திச்சி. தூரக் கண்ணாடியில பாத்தேன். நம்முளுதுன்னு பாதி தெரிஞ்சிச்சி. பாதி தெரியல. இன்னும் ஒரு தரம் நல்லா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கத் தோணல. சுடணும்னுதான் தோணிச்சி." குரலில் ஒன்றுமே இல்லை, மாவு விலை சொல்வது போலச் சொன்னார். "கால் போனவன் பேரு பல்வந்த். என் வயசுதான். அவன நான் மட்டும்தான் நெனச்சிக்கினு கீறேன்னு நெனைக்கறேன். குணா எழுதனதுல அவன் பேரு இல்ல. நீ மைக்குல பேசனதுலயும் இல்ல."

வெளியே யாரோ, "ஹெலிகாப்டர் மில் தொறந்து கீதா?" என்று கேட்டார்கள். கரண்ட் இல்லை, சாயங்காலம் வாங்க என்று குரல் கொடுத்தேன்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, ஆனால் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளாக ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் தம்பி பாவி, என் புருஷன் தங்கம், நான் ஒன்றும் தெரியாதவள். அவன் கத்தியிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இத்தனை வருஷம் இவரை நான் பேசிய பேச்சின் பாவத்தையும் சேர்த்துத் தம்பி தலையில் கொட்டிவிட்டு மீதிக் காலத்தைக் கழித்திருப்பேன். விசாரணையில் குணாவுக்காகப் பொய் சொன்னார். மண்டபத்தில், இல்லாமல் போன ரெஜிமென்ட்டுக்காகப் பொய் சொன்னார். எனக்காக ஒரு பொய் சொல்ல மட்டும் இவருக்கு வாய் வரவில்லை.